ஆழ்கடல் எண்ணெய்: காசுக் கணக்கு என்னண்டு மாறினது? அடிக்கடி கேக்கிற கேள்விகள்

மன்னார்க் கடலில எண்ணெய் கிடக்கு, அதை எடுத்தால் கடன் எல்லாம் தீரும் எண்டு பேப்பரில ஒரு செய்தி வந்தால் போதும், என்னட்டப் பொருளியல் படிக்கிற ஏ.எல் பொடியள், குருநகர்ப் பக்கம் தொழிலுக்குப் போற ஆக்கள், கனடாவில இருந்து வட்ஸப்பில சொந்தக்காரர் எண்டு எல்லாரும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்றதை விட ஒரு இடத்தில எழுதி வைப்பம் எண்டு இதைத் தொடங்கினனான். எண்ணெய் இருக்கோ இல்லையோ எண்டது பாதிக் கேள்விதான், அதை எடுக்க எவ்வளவு காசு, எத்தனை வருஷம், ஆருக்கு எவ்வளவு பங்கு எண்டதுதான் மிச்சப் பாதி, அந்த மிச்சப் பாதியை எங்கட ஆக்கள் கதைக்கிறதே குறைவு.

ஆழ்கடல் எண்டால் எவ்வளவு ஆழம்? எங்கட பாக்கு நீரிணை அதுக்குள்ள வருமோ?

வராது. அமெரிக்காவில 300 மீற்றர் தாண்டினாலே ஆழ்கடல் எண்டு கணக்கெடுப்பினம், வேற இடங்களில 500 மீற்றர் எண்டுவினம். 1,500 தாண்டினால் அதி ஆழ்கடல். பாக்குக் கடல் கன இடத்தில 10, 15 மீற்றர்தான். இஞ்சயும் முந்தித் தேடிப் பாத்தவை, 1970களில சோவியத் உதவியோட மன்னார்த் தீவில பேசாலையில தோண்டினவை, 1976-ல நெடுந்தீவின்ட பேரில டெல்ஃப்ட்-1 எண்டு கடலுக்குள்ளயும் ஒரு கிணறு தோண்டினது. வியாபாரத்துக்குக் காணுற அளவில ஒண்டும் கிடைக்கேல்லை. ஆழமான பகுதி ராமர் அணைக்குத் தெற்கால, மன்னார் வளைகுடாவில இருக்கு.

ஒரு கிணறு தோண்ட ஏன் 100 மில்லியன் டொலர் எண்டு சொல்லினம்? அவ்வளவு காசு எங்க போகுது?

பெரும்பாலும் நேரத்துக்குத்தான் போகுது. தோண்டுற கப்பல் நங்கூரம் போட்டு நிக்கேலாது, 2,000 மீற்றர் ஆழத்தில அது பெரிய வில்லங்கம், அதால கப்பலின்ட அடியில பூட்டின மோட்டர்கள் செய்மதிச் சிக்னலைப் பாத்துப் பாத்து கப்பலை அதே இடத்தில பிடிச்சு வைச்சிருக்கும். இப்பிடியான ஒரு கப்பலின்ட நாள் வாடகை நல்ல காலத்தில 450,000 டொலர், சிலவேளை அதுக்கும் மேல. மணித்தியாலத்துக்குப் பிரிச்சுப் பாருங்கோ, 18,750 டொலர். இது கப்பலுக்கு மட்டும். சீமெந்துக்காரர், அளவெடுக்கிறவை, ஹெலிகொப்டர், சாமான் ஏத்திற படகுகள், இரும்புக் குழாய் எல்லாத்தையும் சேத்தால் கிட்டத்தட்ட ரெட்டிப்பு.

இப்ப 6,000 மீற்றர் தோண்டி இருக்கேக்க நுனியில இருக்கிற பல்லுத் தேய்ஞ்சு போச்சு எண்டு வையுங்கோ. அதை மாத்த முழுக் குழாயையும் மேல இழுக்க வேணும். மூண்டு குழாயைச் சேத்து 27 மீற்றர் அளவில ஒரு துண்டாக் கழட்டிக் கழட்டி நிமித்தி வைப்பினம், 220 தரத்துக்கு மேல கழட்ட வேணும், பிறகு புதுப் பல்லைப் போட்டு அதே 220-ஐயும் திருப்பிப் பூட்டி இறக்க வேணும். ஒரு அடி கூடத் தோண்டாமல் ஒரு நாளுக்கு மேல போயிடும். காத்துப் பெலத்தால் அதுவும் நிப்பாட்டு. அதாலதான் இந்தத் தொழிலில ஒரு நாளைக் குறைக்கிறவன் பெரிய ஆள்.

தோண்டி முடிய இன்னொரு செலவு தொடங்கும். கடலடியில தண்ணி 4 பாகை செல்சியஸ் அளவில குளிர், அந்தக் குளிரிலயும் அமுக்கத்திலயும் வாயுவும் தண்ணியும் சேந்து ஹைட்ரேட் எண்டு கட்டியா உறைஞ்சு குழாயை அடைக்கும், மெழுகும் படியும். அதைத் தடுக்க மருந்து ஊத்திறது, குழாயைச் சூடா வைச்சிருக்கிறது, வால்வுகளைக் கடலடியிலயே பூட்டி மேல இருந்து கேபிளால இயக்கிறது எண்டு பில்லியன் கணக்கில போகும்.

இவ்வளவு கஷ்டம் எண்டால் ஏன் அமெரிக்காவில தரையில பாறையை உடைச்சு எடுக்கிற ஷேல் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு இருக்கேலாது?

தென்னையை வைச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வைச்சவன் பாத்துட்டுச் சாவான் எண்டு ஒரு சொல் இருக்குதெல்லோ, ஆழ்கடல் அந்தப் பனை. ஷேல் எங்கட வெங்காயம். வெங்காயம் வைச்சால் ஒரு போகத்தில காசு வரும், விலை விழுந்தால் அடுத்த போகம் வைக்காமல் விடலாம், ஆனால் ஒவ்வொரு போகமும் புதுசா வைச்சுக்கொண்டே இருக்க வேணும். ஷேல் கிணறு ஒண்டு 10 மில்லியனுக்குள்ள முடியும், கிழமைக் கணக்கில தோண்டலாம், ஆனால் முதல் வருஷத்திலயே உற்பத்தி 60, 70 சதவீதம் விழுந்திடும். ஆழ்கடலில கண்டுபிடிச்ச நாளில இருந்து முதல் பீப்பாய் வரும்வரை 7, 8 வருஷம் சர்வசாதாரணமாப் போகும், வந்தால் 20, 30 வருஷம் ஓடும்.

அந்தக் காத்திருப்புத்தான் விலை. 10 சதவீத வட்டியில இண்டைக்குப் போடுற 1 டொலர் 7 வருஷத்தில 1.95 டொலராகத் திரும்பி வந்தால்தான் நட்டமில்லை, அப்ப 5 பில்லியன் போட்டவனுக்கு ஏழாம் வருஷம் கிட்டத்தட்ட 9.7 பில்லியன் பெறுமதி கையில இருக்க வேணும், அதுவரைக்கும் ஒரு சதம் வருமானம் இல்லை. வட்டி 5 சதவீதம் எண்டால் அதே 1 டொலர் 1.41 ஆனாலே காணும். ஆழ்கடல் எண்ணெய் விலையை மட்டும் பாத்து நடக்கிறதில்லை, வட்டி வீதத்தையும் பாத்துத்தான் நடக்கும், என்ர பொடியளுக்கு நான் திருப்பித் திருப்பிச் சொல்றது இதைத்தான்.

2014-ல என்ன நடந்தது? ஏன் எல்லாரும் அந்த வருஷத்தைச் சொல்லினம்?

2011-ல இருந்து 2014 நடுப்பகுதி வரைக்கும் உலகச் சந்தைக்கு அளவுகோலா இருக்கிற பிரென்ட் எண்ணெய் பெரும்பாலும் பீப்பாய் 100 டொலருக்கு மேலயே நிண்டது. விலை நிண்டால் செலவும் கூடவே ஏறும், இது எந்தத் தொழிலிலயும் நடக்கிறதுதான், கப்பல் வாடகை நாளுக்கு 600,000 வரைக்கும் போச்சு, ஒவ்வொரு கொம்பனியும் கடலில எண்ணெய் எடுக்கிற தன்ர மேடையைத் தனக்கெண்டு விசேஷமா வடிவமைச்சது, ஆரும் கணக்குக் கேக்கேல்லை. கன திட்டங்களுக்கு 70, 80 டொலர் விலை இருந்தால்தான் கட்டுப்படியாகும் எண்ட நிலை. அதுக்குள்ள ஷேல் எண்ணெய் குவிஞ்சு, 2014 நவம்பரில எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின்ட அமைப்பான ஒபெக்கின்ட கூட்டத்தில உற்பத்தியைக் குறைக்கிறேல்லை எண்டு முடிவெடுக்க, விலை சரிஞ்சு 2016 ஜனவரியில 30 டொலருக்குக் கீழ வந்திட்டுது.

அதோட தோண்டுற கப்பல்காரருக்கு வந்தது சாமானிய அடி இல்லை. கட்டி முடிச்ச புதுக் கப்பல்களே வேலை இல்லாமல் கட்டிக் கிடந்தது, கனக்க உடைச்சு இரும்புக்கு வித்தவை. சீட்ரில் 2017-ல வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது, 2020-ல கொரோனாவோட டயமண்ட் ஒஃப்ஷோர், நோபிள், வலாரிஸ் மூண்டும் அதே வழியில போனது, சீட்ரில் 2021-ல ரெண்டாம் தரமும் போச்சு. உலகம் முழுக்க லட்சக்கணக்கான ஆக்களுக்கு வேலை போனது, அதில எங்கட ஆக்களும் இருந்தவை.

அப்ப செலவை எப்பிடிப் பாதியாக் குறைச்சவை? வாடகை குறைஞ்சதாலயோ?

வாடகை குறைஞ்சது ஒரு பங்குதான். அந்தப் பங்கு விலை ஏறினால் திரும்பி ஏறிடும். எனக்குப் பெரிசாத் தெரியிறது வடிவமைப்பை மாத்தினது, அது திரும்பி ஏறாது. மெக்சிக்கோ வளைகுடாவில பி.பி எண்ட பிரிட்டிஷ் எண்ணெய்க் கொம்பனியின்ட மாட் டோக் வயலில ரெண்டாம் கட்டத்தைப் பாருங்கோ. முதல் போட்ட திட்டத்துக்கு 20 பில்லியன் டொலர் அளவில வந்தது, அதைக் கைவிட்டுட்டுச் சின்னனா, சுலபமா ஒரு மேடையை வரைஞ்சு 9 பில்லியனுக்குக் கொண்டு வந்தவை, 2016 கடைசியில சம்மதம் குடுத்து 2023-ல எண்ணெய் வரத் தொடங்கினது. ஷெல் கொம்பனியின்ட விட்டோவும் அப்பிடித்தான், பழைய பெரிய வடிவத்தைத் தூக்கிப் போட்டுட்டுச் சின்னதாக் கட்டினவை, அதுவும் 2023-ல தொடங்கினது.

இன்னொண்டு, புது மேடையே கட்டாமல் பழைய மேடைக்குக் கடலடிக் குழாய் இழுக்கிறது. இதை டை-பேக் எண்டுவினம். பக்கத்தில இந்தியாவிலயே இதுக்கு உதாரணம் இருக்கு: ரிலையன்ஸும் பி.பி-யும் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில 2,000 மீற்றருக்கு மேல ஆழத்தில ஆர் கிளஸ்டர் எண்ட வாயு வயலைத் திறந்தது 2020 டிசம்பரில, ஏற்கனவே கிடந்த மேடைக்குக் குழாயைக் கொண்டு வந்துதான். புதுசாக் கட்டியிருந்தால் அந்த வாயு விலைக்கு அது கட்டுப்படியாகியிருக்காது எண்டு நினைக்கிறன்.

மூண்டாவது, தோண்டுற கைப்பழக்கம். பிரேசிலில உப்புப் பாறைக்குக் கீழ இருக்கிற எண்ணெய்க்கு 2,000 மீற்றர் தண்ணி, அதுக்குக் கீழ பாறை, பிறகு 2,000 மீற்றர் வரைக்கும் உப்பு, எல்லாத்தையும் தாண்டிப் போக வேணும். 2010 வாக்கில ஒரு கிணறு முடிக்க 300 நாளுக்கு மேல எடுத்தது, 2016-ல 100 நாளுக்குள்ள முடிச்சவை. மேல சொன்ன நாள் வாடகையை 200-ஆல பெருக்கிப் பாத்தால் ஒரு கிணத்தில மிஞ்சின காசு எவ்வளவு எண்டு விளங்கும்.

இப்ப மலிவா எடுக்கிறது ஆர்?

பிரேசிலும் கயானாவும். பிரேசிலின்ட அந்த உப்புக்குக் கீழக் கிணறுகளில நல்லது ஒண்டு தனிய ஒரு நாளுக்கு 30,000 பீப்பாய் தாண்டும். சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 1969-ல கட்டினபோது நாளுக்கு 38,000 பீப்பாய்க்குத்தான் கட்டினது, அப்ப ஒரே ஒரு கிணறு எங்கட நாட்டுச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கிட்டத்தட்ட நிரப்பும். கிணத்துக்கு 100 மில்லியன் போனாலும் அதைப் பீப்பாய்க் கணக்குக்குப் பிரிச்சால் சொற்பமா வாறது இதாலதான்.

கயானாவில எக்ஸன்மொபில் 2015-ல லிசா எண்ட வயலைக் கண்டுபிடிச்சுது, 2019 டிசம்பரில முதல் எண்ணெய், அஞ்சு வருஷம் கூட எடுக்கேல்லை. மிதக்கிற உற்பத்திக் கப்பல்களை ஒண்டுக்குப் பிறகு ஒண்டா கிட்டத்தட்ட ஒரே அச்சில கட்டினவை, முதலாவது நாளுக்கு 120,000 பீப்பாய், அடுத்த ரெண்டும் 220,000, அதுக்கடுத்தது 250,000. முதல் கட்டத்துக்கு 35 டொலர், ரெண்டாம் கட்டத்துக்கு 25 டொலர் விலை இருந்தாலே கட்டுப்படியாகும் எண்டு கொம்பனியளே கணக்குச் சொன்னவை. ஒரு காலத்தில உலகத்திலயே விலை கூடின எண்ணெய் எண்டு சொன்ன ஆழ்கடலின்ட நல்ல வயல்கள் இப்ப கன ஷேல் கிணறுகளை விட மலிவு.

எல்லா இடமும் இப்பிடி எண்டு நினைக்கக் கூடாது. நமீபியாவில 2022-ல ஷெல்லும் டோட்டலும் பெரிய கண்டுபிடிப்புகள் எண்டு அறிவிச்சவை, 2025 ஜனவரியில ஷெல் தன்ர பங்கில 400 மில்லியன் டொலர் அளவை நட்டமா எழுதிப்போட்டுது, பாறைக்குள்ளால எண்ணெய் வடிவா ஓடேல்லை, வாயுவும் கூட. இந்தியாவின்ட கிருஷ்ணா கோதாவரிப் படுகையில இருக்கிற கே.ஜி டி6 வாயு வயல் 2009-ல தொடங்கேக்க நாளுக்கு 80 மில்லியன் கன மீற்றர் வாயு வரும் எண்டவை, 60-ஐ ஒட்டி ஏறினது, பிறகு தண்ணியும் மணலும் ஏறி விழுந்து போச்சு. கடலுக்கடியில என்ன கிடக்கு எண்டு எடுத்துப் பாக்கும்வரைக்கும் முழுசாத் தெரியாது.

2020-ல எண்ணெய் விலை பூச்சியத்துக்குக் கீழ போனதே, அப்ப ஏன் ஆழ்கடல் மேடைகளைப் பூட்டேல்லை?

2020 ஏப்ரல் 20 அமெரிக்க எண்ணெய் மைனஸ் 37.63 டொலருக்கு முடிஞ்சது மெய்தான். ஆனால் ஆழ்கடல் வயலுக்குப் போட வேண்டிய காசு எல்லாம் முதலே போட்டாச்சு, ஓடுற வயலை ஓட்டிறதுக்குப் பீப்பாய்க்குக் கொஞ்சக் காசுதான், அதை விட விலை கூட இருந்தால் ஓட்டுறதே லாபம். நிப்பாட்டினால் குழாய்கள் குளிர்ந்து அடைக்கும், திருப்பித் தொடங்கிறது பெரிய வேலை. ஏ.எல்-ல மாறாச் செலவு, மாறும் செலவு எண்டு படிக்கிறீங்களே, அதுக்கு இதை விட வடிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

செலவைக் குறைக்கிறம் எண்டு பாதுகாப்பையும் குறைக்கிறதோ?

இதைக் கேக்கத்தான் வேணும். 2010 ஏப்ரல் 20 மெக்சிக்கோ வளைகுடாவில டீப்வோட்டர் ஹொரைசன் எண்ட தோண்டுற மேடை வெடிச்சு 11 பேர் செத்தவை. 1,500 மீற்றர் ஆழத்தில இருந்த பி.பி-யின்ட அந்தக் கிணறு 87 நாள் கடலுக்குள்ள கக்கினது. அப்ப அந்த வேலை ஆறு கிழமை அளவில பிந்திப் போயிருந்தது, செலவும் போட்ட கணக்கை விட 50 மில்லியன் டொலருக்கு மேல கூடியிருந்தது. அடியில விட்ட சீமெந்து பிடிச்சுதோ எண்டு பாக்கிற அமுக்கச் சோதனையில வந்த முடிவைப் பிழையா வாசிச்சிட்டு அடுத்த வேலைக்குப் போனவை. எண்ணெயைப் பிடிக்க மேல இருந்து ஒரு பெரிய இரும்புக் கூட்டை இறக்கிப் பாத்தவை, மேல சொன்ன அந்த ஹைட்ரேட் அதுக்குள்ளயும் உறைஞ்சு அடைச்சுப் போட்டுது. பி.பி-க்கு முடிவில 65 பில்லியன் டொலருக்கு மேல போச்சு. 50 மில்லியனுக்கு அவசரப்பட்ட இடத்தில 65 பில்லியன்.

அதுக்குப் பிறகு சட்டங்கள் இறுகினது, கிணத்தை மூடுற கருவிகளைக் கையோட தயாரா வைச்சிருக்க வேணும் எண்டு வந்தது. என்ர அபிப்பிராயம், மேடையைச் சின்னனாக்கிறது, ஒரே வடிவத்தைத் திருப்பிக் கட்டிறது பாதுகாப்பைக் குறைக்காது, சிலவேளை கூட்டும். சோதனையைச் சுருக்கிறது, அனுபவசாலியளை வீட்டுக்கு அனுப்பிறது குறைக்கும். ஒரு கொம்பனி செலவு குறைஞ்சது எண்டு சொன்னால் இதில எந்த வழியால குறைஞ்சது எண்டு கேளுங்கோ.

இப்ப செலவு திருப்பி ஏறுதோ?

ஏறினது. 2022-க்குப் பிறகு எண்ணெய் விலை கூடினதும், உடைச்ச கப்பல்கள் போக மிச்சம் குறைவா இருந்ததும் சேந்து, 200,000-க்கும் கீழ விழுந்த நாள் வாடகை திரும்பி 450,000, 500,000 வரைக்கும் வந்தது. புதுக் கப்பல் கட்ட ஆரும் துணியினம் இல்லை, ஒருக்கா வங்குரோத்தானவன் ரெண்டாம் தரம் யோசிப்பான்தானே. வட்டியும் ஏறினது. தொழில்நுட்பமும் நிக்கேல்லை, 2024 ஓகஸ்டில செவ்ரொன் ஆங்கர் எண்ட வயலைத் திறந்தது, 20,000 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு அத்தனை இறாத்தல்) அமுக்கம் தாங்கிற சாமானோட உற்பத்திக்கு வந்த முதல் ஆழ்கடல் வயல் அது, 5.7 பில்லியன் டொலர். முந்தி தொட ஏலாமல் கிடந்த எண்ணெய் இப்ப கணக்குக்குள்ள வருது.

எல்லாரும் கரண்ட் காருக்கு மாறினால் 30 வருஷம் ஓடுற வயலுக்கு ஆர் காசு போடுவான்?

அந்தப் பயத்தாலதான் கொம்பனியள் போட்ட காசைக் கெதியா எடுக்கிற வயலை மட்டும் தெரிவு செய்யினம். பெரிய, மலிவான, பழைய மேடைக்குக் கிட்ட இருக்கிற வயலுக்குக் காசு வரும், நடுத்தர வயல் கடலுக்கடியிலயே கிடக்கும். மன்னாருக்கு இது நல்ல செய்தி இல்லை.

மன்னாரில உண்மையில என்ன கண்டுபிடிச்சவை?

2008-ல கெய்ர்ன் கொம்பனியோட ஒப்பந்தம், 2011-ல ஜப்பானின்ட சிக்யூ எண்ட ஆராய்ச்சிக் கப்பலை வாடகைக்கு எடுத்து மூண்டு கிணறு தோண்டினவை. ரெண்டில வாயு இருந்தது, டொராடோ, பரகூடா எண்டு பேர் வைச்சவை, தண்ணி ஆழம் 1,300-ல இருந்து 1,500 மீற்றர் வரைக்கும். அதாவது அசல் ஆழ்கடல். 2015-ல கொம்பனி விட்டுட்டுப் போட்டுது.

கண்டுபிடிச்சது பெரும்பாலும் வாயு எண்டதை ஆக்கள் கவனிக்கிறேல்லை. எண்ணெய் எண்டால் மிதக்கிற கப்பலில எடுத்து, வாற டாங்கரில ஏத்தி, எங்கயும் விக்கலாம். வாயுவுக்குக் கரைக்குக் குழாய் வேணும், கரையில வாங்க ஆள் வேணும். எங்கட நாட்டில வாயுக் குழாய் வலையமைப்பே இல்லை, நுரைச்சோலை மின்நிலையம் நிலக்கரியில ஓடுது. விலை நல்லா இருக்கேக்க கூட வாங்க ஆள் இல்லாத வாயுவுக்கு பில்லியன் கணக்கில ஆரும் போடான். அதுக்குப் பக்கத்தில இன்னும் கொஞ்சம் கண்டுபிடிச்சு, எல்லாத்தையும் ஒரு குழாயில சேக்கலாம், மின்சார சபை இவ்வளவு வருஷத்துக்கு இந்த விலைக்கு வாங்கும் எண்டு எழுத்தில இருந்தால் கணக்கு மாறும்.

எடுத்தால் பெற்றோல், மண்ணெண்ணெய் விலை குறையுமோ?

குறையும் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ. கயானா இவ்வளவு எண்ணெய் எடுக்குது, அங்க சுத்திகரிப்பு நிலையம் இல்லை, பெற்றோலை வெளியில இருந்துதான் வாங்கினம். எண்ணெய்க்கு உலக விலைதான். 2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரே இரவில 340 ஆகினது கரையோரச் சனத்துக்கு மறக்காது, எத்தனை படகு கரையிலயே கிடந்தது. மன்னார் வாயு வந்தால் அந்த விலை இறங்காது, ஆனால் மின்சாரத்துக்கு வாங்கிற எரிபொருள் குறைஞ்சு டொலர் மிஞ்சும், அந்த மிஞ்சின டொலர் மறைமுகமா எல்லாருக்கும் உதவும். அவ்வளவுதான் சொல்லலாம்.

ஒப்பந்தத்தில என்ன பாக்க வேணும்?

கயானா 2016-ல போட்ட ஒப்பந்தத்தை எடுங்கோ. 100 பீப்பாய் வந்தால் 75 வரைக்கும் கொம்பனி தன்ர செலவுக்கு எடுக்கலாம், மிச்சம் 25-ஐ ஆளுக்குப் பாதி, 12.5, அதோட அரசாங்கத்துக்கு 2 சதவீத ரோயல்டி, அதாவது மொத்த எண்ணெயில நாட்டின்ட உரிமைப் பங்கு. ஆக 100-ல 14.5. ஒரு திட்டத்தின்ட செலவை இன்னொரு திட்டத்தின்ட வருமானத்தில கழிக்கவும் தடை இல்லை, அதால புதுசு புதுசாத் தோண்டத் தோண்ட அந்த 75 கனகாலம் 75 ஆகவே நிக்கும். பிறகு 2023-ல புது வயல்களுக்கு 10 சதவீத ரோயல்டி, செலவுக்கு 65 சதவீதம்தான் எல்லை எண்டு மாத்தினவை, பழைய ஒப்பந்தம் பழையபடியே. எங்கட நாடு கடனோட, அவசரத்தில, முதல் கொம்பனியைப் பிடிச்சுக் கையெழுத்து வைக்கக் கூடாது எண்டதுதான் என்ர கவலை. ஒப்பந்தம் பாராளுமன்றத்தில வைக்கப்படுமோ, தமிழில வாசிக்கக் கிடைக்குமோ எண்டு எங்கட எம்.பி-மாரைக் கேக்க வேணும்.

கடல்தொழில் செய்யிற எங்களுக்கு என்ன வரும்?

மேடையைச் சுத்தி 500 மீற்றர் வரைக்கும் பாதுகாப்பு வலயம் வைக்கலாம் எண்டு சர்வதேச கடல் சட்டம் சொல்லுது, அதுக்குள்ள வலை போடேலாது. அதை விடத் தொல்லை அளவெடுக்கிற காலம், கிலோமீற்றர் கணக்கில கேபிள் இழுத்துக்கொண்டு கப்பல் போகேக்க பெரிய பரப்பை விலத்தச் சொல்லுவினம். பெரிய பயம் கசிவு. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021-ல எரிஞ்சு தாண்டதுக்கு நட்டஈட்டு வழக்கு எத்தனை வருஷம் இழுபட்டது எண்டு பாத்தனாங்கள்தானே, மெக்சிக்கோ வளைகுடாவிலயும் பி.பி நட்டஈடு குடுக்கேக்க முன்னைய வருமானத்துக்கு அத்தாட்சி கேட்டது, கைக்காசுக்கு வித்த தொழிலாளியளுக்குக் காட்ட ஒண்டும் இல்லாமல் கஷ்டப்பட்டவை. ஆகவே ஆராவது தோண்ட வரமுந்தியே, என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போச்சு எண்டு துண்டு எழுதி வாங்கி, ஒரு பிரதியைக் கூட்டுறவுச் சங்கத்தில குடுத்து வைச்சிருங்கோ, பேசாலையில இருந்து வங்காலை வரைக்கும் மன்னார்ப் பக்கச் சங்கங்கள் இதை முதல் தொடங்கினால் நல்லது, அந்தக் கடல்தான் தோண்டுற இடத்துக்குக் கிட்ட.